வெள்ளைச் சிவப்பு

ஏப்ரல் 16

மீன்பிடித் தடை தொடங்கிவிட்டது. இனி ஜூன் நடுவில்தான் கடல். முந்தாநாள் வரை கத்திக் கிடந்த துறைமுகத்தில் இன்றைக்குக் காக்காய்ச் சத்தம்தான்.

காலையில் என் படகு 'சலேத் மாதா'வைக் கரையேற்றினோம். வின்ச் இழுக்க இழுக்க அடி வெளியே வந்தது. ஓட்டுப் பூச்சியான கொட்டலசு கல்லுக் கல்லாக ஒட்டிப் பிடித்திருக்கிறது. நடுவே சிப்பி. அதற்கும் மேலே பாசி, சாமியார் தாடி மாதிரி. இத்தனையையும் சுமந்துகொண்டுதான் டீசலை இப்படிக் குடித்திருக்கிறது. டிரைவர் சேசையா அப்போதே சொன்னான், "யக்கா, வண்டிய யாரோ பின்னாலருந்து புடிச்சி இழுக்குற மாதிரி இருக்கு" என்று. நான்தான் இன்ஜினைச் சந்தேகப்பட்டு மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கொழுந்தன் ரெஜிஸ் வந்தான். படகைச் சுற்றி ஒரு நடை நடந்தான், ஏதோ பெண் பார்க்க வந்தவன்போல.

"மைனி, இதெல்லாம் பொம்பளையாளு பாக்குற சோலியா? இந்த வருசம் படக என்னையப் பாத்துக்கிடச் சொல்லிட்டாவ அண்ணன்."

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தன அண்ணன் இருக்காவ?"

மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரரைச் சொல்கிறான். படகு என் பெயரில் இருக்கிறது. என் நகையை அழித்து வாங்கியது. நாலு வருஷமாக ஐஸ், டீசல், ஆள், ஏலம் எல்லாவற்றுக்கும் ஓடுகிறவள் நான். ஆனால் முடிவு மட்டும் மஸ்கட்டிலிருந்து தம்பிக்கு வருகிறது, தம்பியிடமிருந்து எனக்கு வருகிறது. நல்ல கூத்து!

"இங்க பாரு ரெஜிஸ். தடை முடிஞ்சி எல்லாப் படகும் கெளம்புற அன்னைக்கு எம் படகும் கெளம்பும். கெளம்பலன்னா அன்னைக்கே சாவியத் தாறேன், எடுத்துக்கோ" என்றேன்.

சேசையா என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. நான் கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம். சரி, சொன்னது சொன்னதுதான்.

ஏப்ரல் 18

சுரண்டல். இரண்டு நாளாக நாலு ஆள் சுரண்டுகிறார்கள். யார்டு முழுக்க அழுகின நாற்றம். வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்புப் போட்டும் மாமி மூக்கைப் பொத்துகிறார்கள். மாமிக்குக் கண்ணில் புரை. மூக்குக்கு ஒரு குறையும் இல்லை.

ஏப்ரல் 19

அடிக்கு என்ன பெயின்ட் என்று இன்று யார்டில் ஒரே விவாதம்.

எங்கள் துறைமுகத்தில் இந்தப் பெயின்டுக்குப் பெயரே 'சிவப்பு'. கொட்டலசு ஒட்டாமலிருக்க அடியில் அடிக்கும் பெயின்டில் செம்பு கலந்திருக்கும்; அதனால் செக்கச் செவேலென்று இருக்கும். அதனாலேயே "சிவப்பு அடிச்சாச்சா?" என்றால் அடிப்பெயின்ட் அடித்தாயிற்றா என்று அர்த்தம். நாலு வருஷமாக நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

ரெஜிஸ் தன் படகுக்கு வாங்கியதையே எனக்கும் வாங்கிவிடுவதாகச் சொன்னான். நான் அவன் டப்பாவை வாங்கிப் படித்தேன். ஆண்கள் யாரும் டப்பாவைப் படிப்பதில்லை. மூடியைத் திறக்கத் தெரிந்தால் போதும் அவர்களுக்கு. பொடி எழுத்தில் ஓரத்தில் போட்டிருக்கிறான், அலுமினியத்தின் மேல் அடிக்கக் கூடாது என்று.

சலேத் மாதாவின் அடி வெறும் மரமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது அவர்தான் பலகையைப் புழு தின்னாமலிருக்க அலுமினியத் தகடு அடித்துக் கொடுத்தார். அந்த லீவில் செய்த ஒரே உருப்படியான காரியம். அப்போதே என்னவோ பெயின்ட் அவரே கொண்டுவந்து அடித்தார், அது தேய்ந்துபோயிற்று. இப்போது அதன் பெயர்கூட அவருக்கு ஞாபகமில்லை.

"தகட்டுல செம்பு பட்டா உப்புத்தண்ணியில தகடு அரிச்சிரும்னு போட்டிருக்கான், ரெஜிஸ்."

"அவன் போடுவான் மைனி. டப்பாவுல போட்டதெல்லாம் நடந்தா நாம எதுக்கு?"

பெயின்டர் சுடலைமுத்து அண்ணாச்சிக்கு வேறு யோசனை. "ஏதோ ஒரு பெயின்ட வாங்குங்க தாயி. நல்ல காரமான மொளகாப்பொடி ரெண்டு கிலோ கலந்து அடிச்சிருவோம். ஒரு பூச்சி அண்டாது. எங்க மச்சான் படகுக்கு அப்படித்தான்."

கடைக்காரப் பையன் இன்னொன்று காட்டினான். சிலிகானாம். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. படகு ஓடுகிற வேகத்தில் ஒட்டினதெல்லாம் தானே வழுக்கி விழுந்துவிடுமாம். நம் படகு ஓடுகிற வேகத்துக்குக் கொட்டலசு குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்துவிடும். அதோடு பக்கத்துப் படகு உரசி ஒரு கீறல் விழுந்தால் அத்தனையும் வீண். அதை வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. செம்பே இல்லாதது, அலுமினியத்துக்கென்றே செய்தது. வெள்ளையில் மட்டும்தான் இருக்கிறது. இங்கே யாரும் இதுவரை அடித்ததில்லையாம்.

யார் பேச்சைக் கேட்பது? யார் பேச்சையும் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஏப்ரல் 21

கட்டிலுக்கு அடியில் அந்த அலுமினியத்தின் மிச்சத் துண்டுகள் கிடந்தன. நாலு துண்டு எடுத்தேன். ஒன்று வெறும் தகடு. ஒன்றில் ரெஜிஸ் கொடுத்த செம்புச் சிவப்பு. ஒன்றில் சாதாரணப் பெயின்டும் என் வீட்டு மிளகாய்ப்பொடியும். ஒன்றில் வெள்ளை. பிரைமரும் ஒழுங்காக அடித்து, காய்ந்ததும் ஒவ்வொன்றிலும் ஆணியால் ஒரு கீறல் போட்டேன். படகு ஜெட்டியில் உரசாமல் இருக்குமா? அதற்குத்தான். நாலு நிறக் கயிற்றில் கட்டி, ஜெட்டி ஓரமாகக் கடலில் இறக்கிவிட்டேன்.

மே கடைசிக்குள் கடலே சொல்லட்டும்.

ஏப்ரல் 22

துறைமுகத்தில் எனக்குப் பேர் வைத்தாயிற்று. தகடு டெல்பின்.

ஏப்ரல் 27

அவர் கூப்பிட்டார். பதினெட்டு நாள் கழித்து. முதலில் அம்மா கண், அடுத்து படகு, என்னைப் பற்றிக் கடைசியில் "நல்லாருக்கியா?" ஒன்று.

"டெல்பி, ரெஜிஸ் சொல்லுத மாதிரி கேளு. அவனுக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்?"

பின்னால் குக்கர் விசில் அடித்தது. எட்டு ஆண்கள் ஒரு ரூம், சாப்பாடு கேன்டீனில் என்று சொல்லியிருந்தார். யாராவது ஆசைக்குச் சமைத்திருப்பார்கள். பருப்பாக இருக்கும், மூன்று விசிலோடு நிறுத்திவிட்டார்கள்.

நாளைக்கு உப்புத்தாள் வாங்க வேண்டும். கரடுமுரடு ஒரு கட்டு, நைஸ் ஒரு கட்டு.

மே 6

கயிற்றைத் தூக்கிப் பார்த்தேன். வெறும் தகட்டில் அதற்குள் கடுகு கடுகாகக் கொட்டலசு. மிளகாய்த் தகட்டிலும் அதே. சுடலைமுத்து அண்ணாச்சியிடம் சொன்னேன். "உங்க பொடியில காரம் பத்தல தாயி" என்கிறார். அன்றைக்கு என் குழம்பைச் சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டது யார்?

மே 11

வெயில். வேறொன்றுமில்லை.

மே 15

இன்றைக்கு நானே அவரைக் கூப்பிட்டேன், மாமியின் கண் ஆபரேஷன் ஜூன் இரண்டாம் தேதி என்று சொல்ல. எடுத்ததும் ஒரு பிள்ளைச் சத்தம், "பப்பா, போன்!" என்று. நல்ல தமிழ். அடுத்து அவர்.

"யாரு அது?"

"பக்கத்து ரூம் பய. ஓடி வந்திருவான்."

எட்டு ஆண்கள் இருக்கிற இடத்தில் பக்கத்து ரூமில் பிள்ளைகுட்டி இருக்கக்கூடாதென்று சட்டமா? இருக்கலாம். எங்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி, கடைசியில் அவர்தான் "போதும், விடு" என்றார்.

சுக்கானுக்குப் புது புஷ் போட வேண்டும். கடையில் இல்லை. தென்காசிப் பக்கம் ஒரு லேத்தில் கடைந்து தருவார்களாம்.

மே 24

கடல் சொல்லிவிட்டது.

நாலையும் தூக்கி ஜெட்டியில் வரிசையாக வைத்தேன். பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள், ஏலம் போல. வெறும் தகடு, தகடென்றே தெரியவில்லை. மிளகாய்த் தகட்டில் கொட்டலசு அதைவிடக் கொழுத்திருக்கிறது. காரம் பிடித்துப்போய்விட்டது போலும். அண்ணாச்சி பீடியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

செம்புச் சிவப்பில் ஒரு பூச்சி இல்லை. ரெஜிஸ் "பாத்தீயளா மைனி!" என்று தொடையைத் தட்டினான். "இரு" என்றேன். நான் போட்ட கீறலை ஒட்டி வெள்ளைவெள்ளையாக மாவு பூத்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். மாவு உதிர்ந்தது. தகட்டை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தேன். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது.



வெள்ளைத் தகட்டில் கொஞ்சம் வழுவழுப்பு, ஒரு விரலால் வழித்தால் போகிறது. கீறல் கீறலாகவே இருக்கிறது, மாவும் இல்லை, ஓட்டையும் இல்லை.

"அது உங்க கீறல் ஆழம் மைனி" என்று ரெஜிஸ் சொல்லிவிட்டுப் போனான். என்னவொரு வாய்!

மே 26

வெள்ளை டப்பாக்களை ஆட்டோவில் வீட்டுக்கே கொண்டுவந்து பூட்டிவிட்டேன். யார்டில் வைத்தால் ஆளுக்கொரு கதை பேசுவார்கள். அண்ணாச்சியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அவர் காதில் போட்டால் ஐஸ் பிளான்ட் வரை போகும். பெயின்டை அவர் கையில் கொடுக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் ரெஜிஸ் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டான். வீட்டுக்குள் வந்து மாமியிடம் வத்தி வைத்தான்.

"ஏளா டெல்பின், படகுக்கு வெள்ளையா அடிக்கப் போற? எம் மவன் உசுரோட இருக்கான்ளா. தாலிய வச்சிக்கிட்டு வெள்ளை கட்டுவியா?"

"அடியில அடிக்கிறது மாமி. தண்ணிக்குள்ள யாரு பாக்கா?"

"மீனு பாக்கும்" என்றான் ரெஜிஸ்.

அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். எனக்கு வந்த கோபத்துக்கு டப்பாவைத் தலையில் கவிழ்த்திருப்பேன். விலை அதிகம், விட்டுவிட்டேன்.

ஜூன் 1

பிரைமர் இரண்டு கோட் முடிந்தது. சலேத் மாதா சாம்பல் நிறத்தில் கல்யாணத்துக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தவள்போல இருக்கிறாள். நாளை மாமியைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கேயே ஒரு ராத்திரி. வந்ததும் வெள்ளை.

ஜூன் 2

ஆஸ்பத்திரி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் அண்ணாச்சி போன் செய்தார், பிரைமர் காய்ந்துவிட்டது, தாமதித்தால் பெயின்ட் பிடிக்காது, என்ன செய்ய என்று. ஒரு பக்கம் நர்ஸ் கூப்பிடுகிறாள், ஒரு பக்கம் மாமி தண்ணீர் கேட்கிறார்கள். "நாளைக்குக் காலையில சிவப்ப ஆரம்பிச்சிருங்க அண்ணாச்சி, பெயின்ட நான் கொண்டுவந்துருதேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஜூன் 3

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

மாமியை வீட்டில் விட்டுவிட்டு யார்டுக்குப் போனபோது மணி பதினொன்று. தூரத்திலிருந்தே தெரிந்தது. சலேத் மாதாவின் அடி முழுக்க ரத்தச் சிவப்பு. கடைசி ஓரத்தில் அண்ணாச்சி ரோலரை உருட்டிக்கொண்டிருந்தார், பாட்டு வேறு.

"அண்ணாச்சி! யாரு இத அடிக்கச் சொன்னது?"

"நீங்கதான தாயி. சிவப்ப ஆரம்பிங்கன்னு சொன்னீய."

"சிவப்புன்னா... வெள்ளை அண்ணாச்சி!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சிவப்புன்னா வெள்ளையா?"

யார்டே சிரித்தது. நானும் வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

"பெயின்ட் ஏது?"

"ரெஜிஸ் தம்பி காலையிலயே டப்பாவ எறக்கிட்டாவளே. நீங்க குடுத்துவிட்டதுன்னுல்லா நெனச்சேன்."

ரெஜிஸ் அவன் படகு நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். வெள்ளை டப்பாவைக் கண்ணால் பார்த்தவன். வெள்ளை என்று வீட்டில் வந்து வத்தி வைத்தவன். போய் நின்றேன்.

"ஒனக்குத் தெரியும்லா?"

"நீங்க சிவப்புன்னு சொன்னதா அண்ணாச்சி சொன்னாவ மைனி. மனசு மாறிட்டீயன்னு நெனச்சேன். ஒத்தாசைக்குத்தான் எறக்கினேன்." டீயை ஒரு மிடறு குடித்தான். "பிரைமர்தான் நடுவுல இருக்குல்லா. ஒண்ணும் ஆவாது. எறக்குங்க. இல்ல, சொரண்டணும்னா சொரண்டுங்க. தடை முடியப் போவுது, பாத்துக்கிடுங்க."

என் வாயாலேயே கெடுத்தேன். நாலு வருஷப் பழக்கம். அவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டான்.

ஜூன் 4

சேசையாவும் இறக்கிவிடலாம் என்கிறான். "ஒரு வருசம் ஓடட்டும் யக்கா. அடுத்த தடையில பாத்துக்கிடலாம். நான் பிள்ளகுட்டிக்காரன். மொதப் பயணத்த விட்டா நான் எங்க போவேன்? ரெஜிஸ் கூப்புடுதாரு, மறைக்காமச் சொல்லிருதேன்."

அவன்மேல் கோபமில்லை. முதல் பயணத்தில்தான் மீன்.

நான் ஓட்டை விழுந்த அந்தத் தகட்டை அவன் கையில் கொடுத்தேன். "வெயில்ல புடிச்சிப் பாரு. ஜெட்டியில ஒரு உரசல் போதும், பிரைமரும் போவும், தகடும் போவும். பலகையப் புழு திங்கும். அன்னைக்கு நான் கரையில கெடப்பேன் சேசையா. நடுக்கடல்ல கெடக்கப் போறது நீ."

தகட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 5

சுரண்டத் தொடங்கிவிட்டேன். நானே. தண்ணீர் ஊற்றி, நனைத்து நனைத்துச் சுரண்ட வேண்டும். காய்ந்த தூசி விஷம். முகத்துக்கு மாஸ்க், அதன் மேல் துண்டு. கூலிக்கு ஆள் கேட்டேன். ஆளெல்லாம் மற்ற படகுகளில் இருக்கிறார்கள், கடைசி வாரம்.

பொம்பளை படகுக்கு அடியில் படுத்தால் படகுக்கு ஆகாது என்று யார்டில் ஒரு கிழவர் சொன்னாராம். "ஆவாதுன்னா நீரு வந்து படும்" என்று சொல்லி அனுப்பினேன்.

மாஸ்க்குக்குள் அழுதால் யாருக்கும் தெரிவதில்லை. மூக்கு மட்டும் அடைத்துக்கொள்கிறது.

ஜூன் 6

ஒரு பக்கத்தில் கால்வாசி. தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. டைரியை மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜூன் 7

காலையில் யார்டுக்குப் போனால் எனக்கு முன்னால் ஒருவன் சுரண்டிக்கொண்டிருக்கிறான். சேசையா. கூட நம் ஆட்கள் மூன்று பேர். அந்தப் பக்கம் அண்ணாச்சி, தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு.

"என்னல, ரெஜிஸ் படகுக்குப் போவலியா?"

"தகட்ட வீட்டுல கொண்டு போயி வச்சேன் யக்கா. எம் பொண்டாட்டி அத வெளக்கு வெளிச்சத்துல புடிச்சிப் பாத்துட்டு, நீ இந்தப் படகுல போனா நான் அம்மா வீட்டுக்குப் போயிருவேங்கா. சரி, அப்பம் சொரண்டித்தான் ஆவணும்."

அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார், "கூலி வேண்டாம் தாயி. சிவப்புன்னா வெள்ளைன்னு எனக்கு இப்பம் வெளங்கிட்டு."

ஜூன் 9

சிவப்பு முழுக்கப் போய்விட்டது. பிரைமர் மறுபடி ஒரு கோட். கை நகமெல்லாம் இன்னும் செம்பு.

சாயங்காலம் மாமி கறுப்புக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து யார்டுக்கே வந்துவிட்டார்கள். தூசியில் வரக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கேட்டால்தானே? வெள்ளை டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். நேரே அதன் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"அடிக்கத்தான் போறியா?"

"அடிக்கத்தான் போறேன். தாலி இருக்கும்போது வெள்ளையான்னு கேட்டீயளே மாமி, நம்ம கோயில்ல தாலி கட்டுன அன்னைக்கு நான் என்ன கலர்ல சீல உடுத்தி நின்னேன்? வெள்ளதான? நீங்கதான எடுத்துத் தந்தீய?"

மாமி கண்ணாடியைக் கழற்றினார்கள். "போடுங்க, தண்ணி வந்திரும்" என்றேன். போடவில்லை.

"எனக்குத் தெரியும்ளா. போன வருசமே எனக்குத் தெரியும். பையனாம். மூணு வயசாம். நான் ஒங்கிட்ட சொல்லல. எப்படிச் சொல்ல? எம் புள்ளயாப் போயிட்டான்."

"எனக்கும் தெரியும் மாமி. குக்கர் விசிலடிச்சன்னைக்கே தெரியும்."

எழுதிவிட்டேன். இத்தனை நாள் இந்தப் பக்கங்களில் கேன்டீன், பக்கத்து ரூம் என்று யாருக்குக் கதை அளந்தேன்? இதைப் படிக்கிறவளும் நான்தான். எனக்குத் தாங்க முடியாத கோபம். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். மூன்று வயது என்றால், தகடு அடிக்க லீவில் வந்த அன்றைக்கே அங்கே ஒரு பிள்ளை இருந்திருக்கிறது. அன்றைக்கு என் கையால் நண்டுக்குழம்பு வாங்கி மூன்று முறை சாப்பிட்டார்.

மாமி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். "நல்ல வெள்ளயாத்தான் இருக்கு. ஆபரேசனுக்குப் பெறவு எனக்கு எல்லாமே வெள்ளயாத்தான் தெரியுது, அது வேற" என்றார்கள். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். போய்விட்டார்கள்.

ஜூன் 11

முதல் கோட். காற்று இல்லை, மழை இல்லை. கர்த்தருக்குத் தோத்திரம்.

ஜூன் 12

இரண்டாவது கோட். கடைசி ரோலர் நான் உருட்டினேன். ஒரு படகும் இந்தத் துறைமுகத்தில் இப்படி இருந்ததில்லை. அசிங்கமாக இருக்கிறது என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 14

நேற்று சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். "வெள்ளையா?" என்று ஒரு வினாடி நின்றார். "ஆமா சாமி" என்றேன். ஜெபத்தைத் தொடர்ந்தார். இன்று காலையில் இறக்கினோம். வெள்ளை தண்ணீருக்குள் போயிற்று. கோடு மட்டும் தெரிகிறது.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். தம்பி படம் அனுப்பியிருக்க வேண்டும்.

"யாரக் கேட்டு வெள்ள அடிச்ச?"

"படகுக்காரியக் கேட்டேன். அடின்னா. அடிச்சேன்."

"வாய் ரொம்ப நீளுது ஒனக்கு."

"நாலு வருசமா ஏலத்துல கத்திக் கத்தி நீண்டுபோச்சி."

"படக ரெஜிஸ்கிட்ட குடுன்னு சொன்னனா இல்லியா? நாளைக்கே சாவியக் குடுத்திரு. நான் வந்து பேசிக்கிடுதேன்."

பின்னால் பிள்ளை எதற்கோ அழுதது. இந்த முறை நான் உப்புத்தாளைப் பற்றி நினைக்கவில்லை.

"பிள்ளைக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் பிள்ளை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

"பிள்ளையப் பாருங்க, அழுவுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஜூன் 15

விடியற்காலையில் அத்தனை படகும் ஒன்றாக இன்ஜின் போட்டன. ஜெட்டியில் பேசினால் காது கேட்காது. ரெஜிஸ் தன் படகின் மேல் நின்றுகொண்டு என் பக்கம் பார்க்காமலே இருந்தான். சாவிக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அது சேசையாவின் இடுப்பில் இருந்தது.

டீசல் பம்பில் நிற்கிற பையன் வழக்கம்போல ஒவ்வொரு படகையும் கேட்டுக்கொண்டிருந்தான். நம்மிடமும் கேட்டான், "யக்கா, சிவப்பு அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சி" என்று சேசையா மேலிருந்து கத்தினான், "வெள்ளச் சிவப்பு!"

ஜெட்டி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். படகு கிளம்பிவிட்டது. முகத்துவாரத்தைத் தாண்டும்போது ரெஜிஸ் படகு பின்னால் இருந்தது. மாதாவே, எனக்கு அந்தப் பெருமை பெரிசில்லை. ஆனால் இருந்தது, அதனால் எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 5

பனிமய மாதா திருவிழா. படகெல்லாம் ஜெட்டியில். ஊரே கோயிலில் கிடக்கிறது.

காலையில் நம் ஆள் ஒருவனைத் தண்ணீருக்குள் முங்கி அடியைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மாதம் ஆகப் போகிறது. மேலே வந்து, தலையைச் சிலுப்பி, வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்னான், "ஒண்ணும் ஒட்டல யக்கா. கொஞ்சம் பாசி, தொடச்சிட்டேன்." அண்ணாச்சியிடம் அடுத்த தடைக்கு நாலு படகுக்கு வெள்ளை கேட்டிருக்கிறார்களாம். ஒன்று ரெஜிஸ் படகு என்கிறார். அவன் படகில் தகடே கிடையாது, எதற்கு வெள்ளை என்று தெரியவில்லை.

தேர் வந்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. மஸ்கட். வாய்ஸ் இல்லை, ஒரே வரி எழுத்து.

"கான்ட்ராக்ட் முடிஞ்சிட்டு டெல்பி. ஊருக்கு வரட்டுமா?"

நாலு வருஷத்தில் அவர் என்னிடம் அனுமதி கேட்டது இதுதான் முதல் முறை. இதுவரை வந்ததெல்லாம் உத்தரவு. கூட்டத்தில் என்னைத் தள்ளிக்கொண்டே போனார்கள். மாமி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "யாருளா?" என்றார்கள். போனைக் காட்டினேன். புதுக்கண்ணில் தூரத்தில் வைத்துப் படித்தார்கள். என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

எழுதி அனுப்பினேன்:

"வாங்க. படகுல ஒரு ஆள் கொறையுது. வேல வேணும்னா சேசையாகிட்ட கேட்டுக்கிடுங்க."

இரண்டு நீல டிக் விழுந்தது. நாளைக்கு விடியுமுன் ஐஸ் ஏற்ற வேண்டும்.